குவாட் பைக்: பட்டனை அழுத்தினால் 'டக்' சத்தம் மட்டும், செல்ஃப் சுற்றவில்லை

கொடிக்கால் (4 நவம்பர், இரவு 8.40)

எல்லோருக்கும் வணக்கம். சோழவந்தான் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் இருக்கின்றன. தோப்புக்குள் தேங்காய், உர மூட்டை இழுப்பதற்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய குவாட் பைக் ஒன்று வாங்கினேன். 125 சிசி, சீனத் தயாரிப்பு, முன்னால் போக மூன்று கியர், பின்னால் வர ஒன்று. கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எப்போதோ உரிந்துவிட்டது. கிக்கர் கிடையாது, இழுக்கும் கயிறும் கிடையாது. செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மின் மோட்டார்) எடுக்கவில்லை என்றால் அது நான்கு சக்கரம் வைத்த திண்ணைதான்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தகராறு. பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆரம்பத்தில் நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவை எடுத்தது. இப்போது ஒரு வாரமாகச் சுத்தமாக இல்லை. ஹெட்லைட் எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது.

இதுவரை செய்தது: 12 வோல்ட் 9 ஆம்பியர் பேட்டரி புதிதாகப் போட்டேன். பட்டனை அழுத்தினால் பேட்டரிக் கரண்ட்டை மோட்டாருக்குத் திறந்துவிடும் ரிலேவும் புதிது. இரண்டுக்கும் சேர்த்து 2,300 ரூபாய். டிராக்டர் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்துப் பார்த்தேன், அதே 'டக்'. ஊர் மெக்கானிக் "மோட்டார் போச்சு, கழற்றிக் கொண்டு வா" என்கிறார். நம்பர் இல்லாத வண்டி, ரோட்டில் கட்டி இழுத்துப் போகவும் முடியாது. குட்டி யானை பிடித்து மதுரைக்கு ஏற்றிப் போவதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

மேலூர் மச்சான் (4 நவம்பர், இரவு 9.05)

பேட்டரிதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புதுப் பேட்டரி என்று எல்லோரும் சொல்வார்கள், கடையில் ஆசிட் ஊற்றி அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவான். முதல் சார்ஜ் ஒழுங்காக ஏற்றாத பேட்டரி லைட்டை எரிக்கும், மோட்டாரைச் சுற்றாது. 9 ஆம்பியர் பேட்டரிக்கு 0.9 ஆம்பியரில் ஐந்தாறு மணி நேரம் ஏற்றிவிட்டுப் பாருங்கள்.

சிறுமலைக் காற்று (4 நவம்பர், இரவு 9.30)

நான் சிறுமலையில் ஒரு தங்குவிடுதியில் ஏழு குவாட்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு வரும் 'ஸ்டார்ட் ஆகவில்லை' புகார்களில் பாதி, மின்சாரக் கோளாறே இல்லை. பின்னால் தொங்கும் சிவப்புக் கயிற்றை (அவசரத்துக்கு இழுத்து வண்டியை நிறுத்தும் கயிறு) யாராவது பையன் இழுத்துவிட்டிருப்பான். இல்லையென்றால் ஹேண்டில்பாரில் சிவப்பு ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். பிரேக் பிடித்தால்தான் பட்டனுக்குக் கரண்ட் போகும் மாதிரி நிறைய வண்டிகளில் ஒயரிங் செய்திருப்பார்கள். பிரேக் பிடிக்கும்போது பின்லைட் எரியவில்லை என்றால் செல்ஃப்பும் எடுக்காது. போன வருடம் ஒரு வண்டியை இரண்டு நாள் பிரித்துப் போட்டோம். கடைசியில் பிரேக் லீவருக்கு அடியில் இருந்த சின்ன ஸ்விட்ச்சில் குளவி மண் கூடு கட்டியிருந்தது.

ஆனால் உங்களுக்கு 'டக்' கேட்கிறது. அப்படியென்றால் பட்டன், பிரேக், சாவி எல்லாம் தாண்டிக் கரண்ட் ரிலே வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்னால் உள்ள எதையும் தொட வேண்டாம்.

தெற்குவாசல் வைண்டிங் (5 நவம்பர், காலை 6.50)

தம்பி, சிறுமலைக்காரர் சொன்னது சரி. நான் 31 வருடமாகச் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும்தான் பார்க்கிறேன். கழற்றச் சொன்ன மோட்டார்களில் நல்ல மோட்டார்கள் எத்தனை என் பெஞ்சுக்கு வந்திருக்கின்றன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கூலி எனக்குத்தான் என்றாலும் மனசு கேட்காது.

மோட்டாரைத் தொடாதீர்கள். இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினால் வெளிச்சம் செத்துப்போகிறதா, அப்படியே நிற்கிறதா? மல்டிமீட்டர் இருக்கிறதா? இருந்தால் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து, சும்மா இருக்கும்போது எவ்வளவு, பட்டனை அழுத்திப் பிடிக்கும்போது எவ்வளவு என்று எழுதுங்கள். ஆளை வைத்து அழுத்தச் சொல்லுங்கள், ஒரு தடவைக்கு மூன்று நொடிக்கு மேல் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பேட்டரி முனையில் தொட்டுவிடாதீர்கள். போன வாரம்தான் ஒரு பையன் மீட்டரைப் புகைத்துவிட்டு வந்து என்னிடமே கடன் கேட்டான்.

கொடிக்கால் (5 நவம்பர், மாலை 6.15)

அண்ணே, நன்றி. 350 ரூபாய் மீட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. மச்சினனை அழுத்தச் சொல்லிப் பார்த்தேன்.

சும்மா இருக்கும்போது 12.7. அழுத்தும்போது 12.2. லைட் லேசாகக் கண் சிமிட்டுகிறது, மங்கவில்லை.

மச்சானுக்கு: பேட்டரியை நேற்று இரவு முழுக்கச் சார்ஜில் போட்டிருந்தேன்.

மேலூர் மச்சான் (5 நவம்பர், மாலை 6.40)

அப்படியானால் ரிலே. புது ரிலேயும் மட்டமான சரக்காக இருக்கும். ரிலேயில் இரண்டு தடித்த போல்ட் இருக்கும். பெரிய திருப்புளியை இரண்டுக்கும் குறுக்கே வையுங்கள். மோட்டார் சுற்றினால் ரிலே போச்சு, சுற்றாவிட்டால் மோட்டார் போச்சு. எதற்கு மீட்டரும் மண்ணும்?

கொடிக்கால் (5 நவம்பர், இரவு 7.30)

செய்தேன். குட்டித் தீப்பொறி ஒன்று வந்தது, மோட்டார் அசையவில்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். அப்புறம் ஏதோ பிளாஸ்டிக் கருகின வாடை வந்தது, நிறுத்திவிட்டேன். அப்படியென்றால் மெக்கானிக் சொன்ன மாதிரி மோட்டார்தானா?

தெற்குவாசல் வைண்டிங் (5 நவம்பர், இரவு 8.10)

நிறுத்துங்கள். இனிமேல் பட்டனையும் அழுத்தாதீர்கள், திருப்புளியும் வேண்டாம்.

மச்சான், கோபித்துக்கொள்ளாதீர்கள். திருப்புளி வைத்தியத்தை நானும் செய்வேன். ஆனால் வண்டி நியூட்ரலில் இருக்கிறதா, கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, விரலில் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்வேன். அதோடு 'சுற்றாவிட்டால் மோட்டார் போச்சு' என்பது தப்புக் கணக்கு. ரிலேயைத் தாண்டினீர்கள், சரி. கரண்ட் மோட்டாருக்குள் போய்த் திரும்பிப் பேட்டரிக்கு வர வேண்டுமே, அந்தத் திரும்பும் வழியை யார் பார்த்தது?

தம்பி கொடுத்த நம்பர்களைப் பாருங்கள். 12.7 இருந்தது 12.2 ஆகியிருக்கிறது. செல்ஃப் மோட்டார் முழு லோடு இழுத்தால் நல்ல பேட்டரியே 10, 11 வரைக்கும் இறங்கும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். இது 12.2-லேயே நிற்கிறது, லைட்டும் மங்கவில்லை. பேட்டரியிடம் யாரும் வேலை வாங்கவே இல்லை என்று அர்த்தம். டிராக்டர் பேட்டரி கொடுத்தும் அதே 'டக்' என்றதும் அதனால்தான். அதே கேபிளில்தானே அதுவும் போனது.

வழியில் எங்கேயோ அடைப்பு. பிளஸ் பக்கமா, எர்த் பக்கமா (மோட்டாரிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) என்பதுதான் மிச்சம். கருகின வாடை எங்கிருந்து வந்தது என்றும் மோந்து பாருங்கள், அதை மறக்காதீர்கள்.

கொடிக்கால் (5 நவம்பர், இரவு 8.35)

எர்த்தை முதலிலேயே பார்த்துவிட்டேன் அண்ணே. மீட்டரைப் பஸ்ஸரில் வைத்து, பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் தொட்டால் கீ என்று கத்துகிறது. தொடர்பு இருக்கிறது.

உசிலை டீச்சர் (5 நவம்பர், இரவு 9.20)

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன், வண்டி வேலை தெரியாது. ஆனால் இந்த இடத்தில் வாய் திறக்காமல் இருக்க முடியவில்லை.

தம்பி, பஸ்ஸர் சோதனையில் மீட்டர் அனுப்புவது ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாதிரி. ஒற்றையடிப் பாதையில் ஒரு எறும்பு போய்த் திரும்பி வந்து 'பாதை இருக்கிறது' என்று சொல்வதுதான் அந்தச் சத்தம். லாரி போகுமா என்று எறும்புக்குத் தெரியாது. ஸ்டார்ட்டர் சுற்றில் மூன்றில் ஒரு ஓம் தடை இருந்தாலே மோட்டார் படுத்துவிடும். உங்கள் மீட்டரின் இரண்டு ஒயருக்கே கிட்டத்தட்ட அவ்வளவு தடை இருக்கும். ஆகவே ஓம் வைத்து அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கரண்ட் ஓடும்போது வோல்ட் அளந்தால் பிடிபட்டுவிடும். நல்ல கேபிளின் இரண்டு முனைக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். எங்கே வோல்ட் நிற்கிறதோ அங்கே தடை. வைண்டிங் அண்ணன் எங்கெங்கே வைக்க வேண்டும் என்று சொன்னால், கூட்டல் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

தெற்குவாசல் வைண்டிங் (5 நவம்பர், இரவு 9.45)

டீச்சர் சொன்ன எறும்புக் கணக்கைக் கடைச் சுவரில் எழுதி வைக்கப் போகிறேன்.

தம்பி, நாளைக்குப் பகல் வெளிச்சத்தில், முதலில் கருகின ஒயர் எதுவும் பிளஸ் பக்கம் இல்லை என்று பார்த்துவிட்டு, மூன்று தடவை மட்டும் அழுத்துங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நொடி. மீட்டர் டிசி 20 வோல்ட்டில்.

முதல் தடவை: ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்று மோட்டாரின் தலையில் ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டில். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ரிலேயும் பிளஸ் கேபிளும் சரி.

இரண்டாவது: ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று மோட்டார் உடம்பில், பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்துச் சுரண்டி வையுங்கள். 0.2, 0.3 இருக்கலாம்.

மூன்றாவது: மோட்டார் போல்ட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும். மோட்டாருக்கு நிஜமாகக் கிடைப்பது இதுதான்.

பேட்டரி முனை என்றால் பேட்டரியின் ஈயத்தில் வைக்க வேண்டும், அதில் மாட்டியிருக்கும் கிளிப்பில் வைக்கக் கூடாது. கிளிப்புக்கும் ஈயத்துக்கும் நடுவிலேயே சில நாள் களவாணி உட்கார்ந்திருப்பான்.

கொடிக்கால் (6 நவம்பர், காலை 10.20)

அளந்துவிட்டேன்.

முதல் தடவை 0.3.
இரண்டாவது 8.7.
மூன்றாவது 3.2.

மைனஸ் அடையாளம் வந்ததை எழுதவில்லை, முனையை மாற்றி வைத்திருப்பேன்.

உசிலை டீச்சர் (6 நவம்பர், மதியம் 12.50)

0.3 கூட்டல் 8.7 கூட்டல் 3.2, மொத்தம் 12.2. நேற்றுப் பேட்டரியில் அழுத்தும்போது காட்டிய அதே 12.2. ஒரு பைசா குறையவில்லை. மதிய இடைவேளையில் கரும்பலகையில் இதையே எழுதிப் போட்டு, "திருடன் எங்கே?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சுப் பையன்தான் முதலில் சொன்னான்.

தெற்குவாசல் வைண்டிங் (6 நவம்பர், மதியம் 1.15)

எர்த். 8.7 வோல்ட்டும் அங்கேதான் நிற்கிறது. 3.2 வோல்ட்டில் எந்த மோட்டார் சுற்றும்?

டிராக்டர் கேபிள் வைத்திருக்கிறீர்களே, அதில் கறுப்பை மட்டும் எடுங்கள். ஒரு முனை உங்கள் பேட்டரி மைனஸில், இன்னொரு முனை இன்ஜினில் பெரிய போல்ட் ஒன்றில். நியூட்ரல் போட்டு அழுத்துங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. இந்த வண்டியில் சமீபத்தில் வெல்டிங், பெயிண்ட், பாடி வேலை ஏதாவது நடந்ததா?

கொடிக்கால் (6 நவம்பர், மாலை 5.55)

அண்ணே, சுற்றுகிறது! கேபிளை வைத்து அழுத்தினேன், புது வண்டி மாதிரி விர்ரென்று சுற்றுகிறது. மச்சினன் பயந்து கையை எடுத்துவிட்டான்.

பெயிண்ட்... ஆமாம். ஆவணியில் சட்டம் முழுக்கத் துருவாக இருக்கிறது என்று பக்கத்து லேத்தில் கம்ப்ரசர் வாங்கி நானே கறுப்பு அடித்தேன். இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. பெயிண்ட்டுக்கும் செல்ஃப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். பேட்டரிப் பெட்டிக்கு அடியில் சட்டத்தில் ஒரு போல்ட், அதில்தான் மைனஸ் கேபிளின் லக் (முனையில் இருக்கும் உலோக வளையம்) மாட்டியிருக்கிறது. பெயிண்ட்டின் மேலேயே முடுக்கியிருக்கிறேன். இப்போது கழற்றினால் லக்குக்கு அடியில் செம்மண் மாதிரித் துரு, லக்கில் பச்சை பூத்திருக்கிறது.

ஆனால் இன்னொரு வம்பு. நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறியே இல்லை. மழைக்கு முன்னால் பொறி நன்றாக வந்துகொண்டிருந்தது.

மேலூர் மச்சான் (6 நவம்பர், மாலை 6.10)

பேட்டரிதான் என்று சொன்னவன் நான். வாயில் மண் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தம்பி, பெயிண்ட் அடித்ததை மூன்றாம் நாள் சொல்கிறீர்களே, இது நியாயமா?

கொடைரோடு (6 நவம்பர், மாலை 6.30)

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 110 சிசி, பையனுக்கு வாங்கியது. இவருக்கு 'டக்' ஆவது கேட்கிறது. எனக்கு அதுவும் இல்லை. லைட் எரிகிறது. நானும் எர்த் பார்க்க வேண்டுமா?

சிறுமலைக் காற்று (6 நவம்பர், இரவு 7.00)

உங்கள் கதை வேறு. தனி இழை போட்டால் நல்லது, சுருக்கமாகச் சொல்கிறேன். சத்தமே இல்லை என்றால் ரிலேயைத் தூண்டும் சின்ன ஒயருக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது ரிலேயின் காயில் அறுந்திருக்கிறது. ரிலேயில் தடித்த இரண்டு போக மெல்லிசாக இரண்டு ஒயர் வரும். பெரும்பாலும் மஞ்சளில் சிவப்புக் கோடு ஒன்று, பச்சை ஒன்று. பிரேக்கைப் பிடித்துப் பட்டனை அழுத்தும்போது அந்த மஞ்சளில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் சத்தம் இல்லை என்றால் ரிலே. வரவில்லை என்றால் பட்டன், பிரேக் ஸ்விட்ச், சிவப்புக் கயிறு என்று பின்னால் போய்க்கொண்டே இருங்கள். பையன் ஓட்டும் வண்டி என்றால் ரிமோட் வைத்திருப்பார்கள். அந்த ரிமோட்டின் பெட்டி பூட்டிக்கொண்டாலும் இதே கதைதான். முதலில் ரிமோட்டைக் கண்டுபிடியுங்கள். எங்கள் வீட்டில் அது அரிசிப் பானையில் கிடந்தது.

தெற்குவாசல் வைண்டிங் (6 நவம்பர், இரவு 8.30)

கொடிக்கால் தம்பி, மச்சான் திட்டியது போதும், நான் திட்டவில்லை. பெயிண்ட் அடித்தவுடன் வண்டி எடுத்ததற்குக் காரணம், போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் தொடர்பு இருந்திருக்கும். மழைத் தண்ணீர் இறங்கி மரையும் துருப் பிடித்ததும் அதுவும் போய்விட்டது. நாலுக்கு ஒரு தடவை எடுத்தது அந்த நாட்கள்தான்.

இப்போது பொறி. கருகின வாடையை மோந்து பார்க்கச் சொன்னேனே, பார்த்தீர்களா? சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் நாளில் பெரிய ரோட்டை அடைத்துவிட்டால் வண்டியெல்லாம் என்ன செய்யும்? சந்துக்குள் புகும். உங்கள் மோட்டார் கரண்ட்டும் அதைத்தான் செய்திருக்கிறது. தடித்த எர்த் அடைத்துக்கொண்டதும், ஒயரிங்குக்குள் போகும் மெல்லிய பச்சை எர்த் ஒயர் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பப் பார்த்திருக்கிறது. லைட்டுக்கும் ஹார்னுக்கும் போட்ட ஒயர் அது. மோட்டாரைத் தாங்காது, சூடாகும், தோல் உருகும். பக்கத்தில் படுத்திருக்கும் ஒயரையும் சேர்த்து உருக்கும்.

உங்கள் மாதிரி சின்ன சீன வண்டிகளில் பெரும்பாலும் ஏசி சிடிஐ (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பெட்டி) இருக்கும். அதற்குப் பேட்டரியே தேவையில்லை, மேக்னட் காயிலிலிருந்து நேரடியாகக் கரண்ட் வாங்கிக்கொள்ளும். அதை நிறுத்துவதற்கு ஒரு ஒயர் உண்டு, கறுப்பில் வெள்ளைக் கோடு. சாவியை ஆஃப் செய்தால் அந்த ஒயர் எர்த் ஆகும், பொறி நின்றுவிடும். சாவியை ஆன் செய்தும் அந்த ஒயர் எங்காவது எர்த்தில் தொட்டுக்கொண்டிருந்தால்? வண்டி தன்னை ஆஃப் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

சிடிஐயில் ஒயர்கள் வந்து சேரும் கப்ளரைக் கழற்றி, கறுப்பு வெள்ளைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். சாவி ஆன், சிவப்பு ஸ்விட்ச் ஓட்டும் நிலையில். தொடர்பே காட்டக் கூடாது. டீச்சர், இந்த இடத்தில் எறும்பு போதும்தானே?

உசிலை டீச்சர் (6 நவம்பர், இரவு 8.50)

போதும் அண்ணே. இங்கே தொடர்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. எறும்பே பதில் சொல்லிவிடும்.

கொடிக்கால் (7 நவம்பர், மதியம் 2.40)

எனக்குக் கை நடுங்குகிறது. சாவி ஆன், ஆஃப் இரண்டிலும் 0.5 ஓம். எறும்பு இரண்டு தடவையும் ஜாலியாகப் போய் வந்தது.

சீட்டுக்கு அடியில் ஒயரிங்கைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன். பச்சை ஒயர் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உருகி, செம்பு வெளியே தெரிகிறது. கறுப்பு வெள்ளை அதோடு ஒட்டி வெந்த இடியாப்பம் மாதிரி இருக்கிறது. திருப்புளி வைத்தபோது வந்த வாடை இதுதான். பிரித்து விட்டதும் மீட்டரில் ஓம் மறைந்துவிட்டது.

கேள்வி: உருகின இடத்தில் டேப் சுற்றினால் போதுமா?

தெற்குவாசல் வைண்டிங் (7 நவம்பர், மாலை 4.05)

போதாது. உருகின துண்டை இரண்டிலும் வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புது ஒயர் வைத்து ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடுங்கள். வெறும் டேப் என்றால் அடுத்த ஐப்பசிக்கு இதே இழையில் வந்து நிற்பீர்கள்.

எர்த்துக்கு: லக் உட்காரும் இடத்தில் உப்புத்தாள் போட்டு, வெள்ளி மாதிரி இரும்பு தெரியும்வரை தேயுங்கள். லக்கையும் தேயுங்கள். பல் வைத்த ஸ்டார் வாஷர் ஒன்று போட்டு முடுக்கிவிட்டு, முடுக்கின பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு முடுக்குகிற ஆட்களும் உண்டு, எனக்குப் பிடிக்காது. அதோடு 10 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) ஒயரில் இரண்டு முனையிலும் லக் அடித்து, பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் போல்ட்டுக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். சட்டத்தை நம்பவே வேண்டாம்.

பொறி பார்க்கும்போது பிளக்கைக் கேப்பில் மாட்டி, உடம்பு இன்ஜினில் நன்றாகத் தொடும்படி படுக்க வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள். அந்தரத்தில் தொங்கவிட்டும் சுற்றாதீர்கள், போக இடம் இல்லாத பொறி சிடிஐக்குள்ளே பாய்ந்துவிடும். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் பெட்ரோல் துணி எதுவும் இருக்கக் கூடாது.

வைகைக்கரை (7 நவம்பர், மாலை 5.20)

படித்துக்கொண்டே வந்தவன். என் வண்டியை வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள் எல்லாம் இப்படித்தான் 'டக்' என்கும், இரண்டு நாள் வெயிலில் நின்றால் சரியாகிவிடும். அதுவும் எர்த்தா?

சிறுமலைக் காற்று (7 நவம்பர், மாலை 5.45)

காய்ந்ததும் சரியாகிறது என்றால் எங்கோ முனையில் தண்ணீர் நிற்கிறது. டீச்சர் சொன்ன கூட்டல் கணக்கை ஈரமாக இருக்கும் அன்றைக்கே போடுங்கள், காய்ந்த பிறகு அளந்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் விடுதியில் பிரஷர் பம்ப்பைச் சீட்டுக்கு அடியில் காட்டவே கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். வாளித் தண்ணீரும் துணியும்தான்.

கொடிக்கால் (9 நவம்பர், காலை 9.10)

நேற்றுச் சாயங்காலம் ஒரே அழுத்தில் எடுத்துவிட்டது. பிளக்கில் நீலப் பொறி. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டர் கொடுத்துப் பேட்டரியில் அளந்தேன், 14.2. இன்றைக்குக் காலையில் இரண்டு நடை தேங்காய் ஏற்றியாயிற்று.

செலவுக் கணக்கு: கேபிள், லக் இரண்டு, ஸ்டார் வாஷர், சுருங்கும் குழாய் எல்லாம் 240 ரூபாய். அண்ணன் சொன்ன இரண்டாவது சோதனையை மறுபடியும் செய்து பார்த்தேன், 8.7 இருந்த இடத்தில் 0.1. அழுத்தும்போது பேட்டரி இப்போது 10.9-க்கு இறங்குகிறது. முதலில் பயந்துவிட்டேன். அப்புறம்தான், மோட்டார் இப்போது நிஜமாக வேலை வாங்குகிறது என்று புரிந்தது.

தெற்குவாசல் வைண்டிங் (9 நவம்பர், காலை 9.40)

இறங்க வேண்டும். அதுதான் ஆரோக்கியம். மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவரும் பஸ்ஸர் வைத்துத்தான் பார்த்திருப்பார்.

மேலூர் மச்சான் (9 நவம்பர், காலை 10.00)

பழைய பேட்டரியை என்ன செய்தீர்கள்?

கொடிக்கால் (9 நவம்பர், காலை 10.25)

மாட்டுத் தொழுவத்தில் கிடந்தது. இப்போதுதான் மீட்டர் வைத்தேன். 12.5 காட்டுகிறது. பழைய ரிலேயும் 'டக்' என்கிறது. மச்சான், உங்களுக்கு வேண்டுமா?